வெட்டுப்பட்ட பேரரசர்கள்

புதுக்கோட்டை சமஸ்தானத்தில், ஆலங்குடிப் பக்கத்துக் கருக்காக்குறிச்சி என்ற ஊரில், 1898 ஆம் ஆண்டு ஒரு புதையல் கிடைத்தது. 501 தங்கக் காசுகள். ஒன்றுகூட உள்ளூர் அரசன் அடித்ததல்ல. அத்தனையும் ரோமாபுரியின் ‘ஔரியஸ்’ காசுகள். அகஸ்டஸில் தொடங்கி டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ என்று வந்து, கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியனோடு அந்த வரிசை நின்றுவிடுகிறது. தென்னிந்திய மண்ணில் கிடைத்த ரோமத் தங்கப் புதையல்களில் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று.

இந்தக் காசுகளை ஆராய்ந்து எழுதியவர் ஜார்ஜ் பிரான்சிஸ் ஹில். அப்போது அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் இருந்தார். 1931 இல் அந்த அருங்காட்சியகத்துக்கே இயக்குநரானார். அவர் கண்ணில் முதலில் பட்டது ஒரு விநோதம். பத்தில் ஒன்பது காசுகளுக்கு மேல், பேரரசரின் தலைக்குக் குறுக்கே ஆழமான ஒரு வெட்டு இருந்தது. தவறி விழுந்தோ மண்வெட்டி பட்டோ வந்த கீறல் அல்ல அது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, காசைத் தலைப்பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொன்றாக வெட்டியிருக்கிறார்.

ஏன் வெட்டினார்கள்? எவருக்கும் முதலில் தோன்றும் விடை, உள்ளே இருப்பது தங்கம்தானா என்று பார்ப்பதற்கு என்பது. செம்பை நடுவே வைத்து, மேலே மெல்லிய தகடு போர்த்தி, அச்சில் அடித்த போலிக் காசுகள் ரோம உலகில் புழங்கின. வெள்ளிக் காசுகளில் இந்த மோசடி மலிந்திருந்தது, தங்கத்திலும் உண்டு. அப்படிப்பட்ட காசை வெட்டினால் உள்ளிருக்கும் சிவப்பு தெரிந்துவிடும். ஆனால் சோதிப்பதற்காக வெட்டுகிறவர் காசின் ஓரத்தில், கைக்கு வந்த இடத்தில் வெட்டுவார். முகத்தைத் தேடிப்பிடித்து வெட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஹில் சொன்ன விளக்கம் வேறு. கைமாறிக் கைமாறித் தேய்ந்து எடை குறைந்த காசுகளைப் புழக்கத்திலிருந்து நீக்குவதற்கான அடையாளமே இந்த வெட்டு என்றார் அவர். இந்த விளக்கமே காசுகளின் தோற்றத்துக்குப் பொருந்துகிறது. வெட்டு விழுந்ததும் அது காசு என்ற தகுதியை இழக்கிறது. தங்கம் என்ற தகுதியை இழப்பதில்லை. அதற்குப் பிறகு எண்ணிக் கொடுக்க முடியாது, நிறுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

தங்கக் காசு எதைப் பற்றிப் பேசினாலும் இந்த இரட்டைத் தகுதியை மறக்கக் கூடாது. ஒரு காசைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இது தங்கம்தானா? இது, தான் சொல்லிக்கொள்ளும் காசுதானா? முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காசுமாலையில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். அங்கே காசு நகையாகிவிட்டது. வளையம் வைத்துப் பற்றவைத்து, சங்கிலியில் கோத்து, பத்தோடு பதினொன்றாகத் தொங்குகிறது.

ரோமக் காசுக்குத் தமிழகத்தில் இவ்வளவு மதிப்பு எப்படி வந்தது என்பதற்கு எடைதான் விடை. அகஸ்டஸ் காலத்து ஔரியஸ் ஏறத்தாழ 7.9 கிராம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் தங்கம். கி.பி. 64 இல் நீரோ ஒரு ராத்தல் தங்கத்திலிருந்து 45 காசு அடிக்கச் சொல்லி, எடையைச் சுமார் 7.3 கிராமாகக் குறைத்தார். வெள்ளிக் காசில் கலப்படமும் செய்தார். தங்கத்தின் மாற்றில் மட்டும் கை வைக்கவில்லை. இலங்கை அரசனைப் பற்றி ரோம எழுத்தாளர் பிளினி ஒரு செய்தி சொல்கிறார். அன்னியஸ் பிளோகாமஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவர் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் செல்கையில் காற்றில் சிக்கி இலங்கைக் கரையில் ஒதுங்கினார். அவரிடமிருந்த ரோமக் காசுகளைப் பார்த்த அரசன், வெவ்வேறு பேரரசர்களின் தலைகள் பொறித்திருந்தும் எல்லாம் ஒரே எடையில் இருந்ததைக் கண்டு ரோமரின் நேர்மையை வியந்தானாம். அரசன் பார்த்தவை வெள்ளிக் காசுகள். ஆனாலும் அவன் செய்தது நல்ல சோதனை. முகத்தைப் பார்த்து நம்பவில்லை, தராசைப் பார்த்து நம்பினான்.

நம்பிக்கை எங்கே சேர்கிறதோ அங்கே போலியும் சேரும். தக்காணத்திலும் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும், ரோமக் காசைப் பார்த்து உள்ளூரில் அடித்த தங்கக் காசுகள் நிறையக் கிடைத்துள்ளன. தலை ரோமத் தலைபோலவே இருக்கும். சுற்றி இருக்கும் எழுத்தைப் படிக்கப் போனால் பொருள் வராது. லத்தீன் அறியாத கை, எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் கோடும் வளைவுமாக வரைந்திருக்கும். இவற்றில் பலவும் நல்ல தங்கமே. தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை போட்டிருப்பதும் பலவற்றில் காணப்படுகிறது. கழுத்தில் கோத்துத் தொங்கவிட்டால் முகம் நேராக நிற்பதற்கான ஏற்பாடு அது. தங்கம் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் வழி இருந்தது. தெலங்கானாவின் கொண்டாப்பூரிலும் மராட்டியத்தின் தேர் என்ற ஊரிலும், டைபீரியஸ் காசின் அச்சில் செய்த சுடுமண் வில்லைகள் தொங்கவிடத் தோதாகக் கிடைத்திருக்கின்றன. காசுமாலை என்ற ஆசைக்கு இந்த நாட்டில் 2,000 ஆண்டு வயது.

அந்தப் போலிகளை மோசடி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சரியாகாது. நல்ல தங்கத்தில், நகைக்கென்றே செய்த ரோமச் சாயல் காசு யாரையும் ஏமாற்றவில்லை. அதே காசை இன்று ஒருவர் அசல் ஔரியஸ் என்று விற்றால் அது மோசடி. பொருள் மாறவில்லை, அதைப் பற்றிச் சொல்லும் சொல் பொய்யாகிறது.

இதே கதை வெனிஸ் நகரத்துக் காசுக்கும் நேர்ந்தது. 1284 இல் வெனிஸ் அடிக்கத் தொடங்கிய ‘டுகாட்’ காசு சுமார் 3.5 கிராம், கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம். ஒரு பக்கம் மாற்கு முனிவர் முன் மண்டியிடும் ஆட்சித்தலைவர். மறுபக்கம் விண்மீன்கள் சூழ நிற்கும் கிறிஸ்து. 1797 இல் அந்தக் குடியரசு முடிவுக்கு வரும்வரை, 500 ஆண்டுகளுக்கு மேல், எடையும் உருவமும் ஏறக்குறைய மாறவே இல்லை. கேரளத்திலும் தமிழகத்துத் தென்கோடியிலும் மராட்டியத்திலும் அது நகையில் ஏறியது. பிறகு உள்ளூர்ப் பட்டறைகளில் அதன் சாயல்கள் பெருகின. முனிவர் குச்சி மனிதராகிவிட்டார், எழுத்துகள் புள்ளிகளாகிவிட்டன. பழைய நகைகளில் இன்று காணப்படும் வெனிஸ் காசுகளில் இந்த வகைச் சாயல்கள் ஏராளம்.

அடுத்து வந்தது பவுன். இன்று தமிழ்நாட்டில் தங்கத்தை எண்ணும் 8 கிராம் கணக்கே பிரிட்டிஷ் சவரனிலிருந்து வந்ததுதான். சவரனின் சரியான எடை 7.988 கிராம், 22 காரட், விட்டம் 22.05 மில்லிமீட்டர், கனம் சுமார் 1.5 மில்லிமீட்டர். ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை. மறுபக்கம் பெரும்பாலும் குதிரைமேல் இருந்து பறவைநாகத்தைக் கொல்லும் ஜார்ஜ் முனிவர். பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய நகரத்தார் வாழும் ராயவரம், ராமச்சந்திரபுரம், கோனாபட்டு போன்ற ஊர்களைக் கொண்ட மாவட்டம் புதுக்கோட்டை. சவரன் இங்கே அந்நியப் பொருள் அல்ல. புதுக்கோட்டை மன்னர்கள் வெளியிட்ட சொந்தக் காசோ செம்புதான். திருக்கோகர்ணம் பிரகதாம்பாளின் உருவத்தோடு, மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று பொறித்த சின்னஞ்சிறு அம்மன் காசு அது. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துத் தானமாகவும் அது போனது.

சவரனில் இந்தியாவுக்கே உரிய ஒன்று உண்டு. முதல் உலகப் போரின்போது பம்பாயிலும் சவரன் அடித்தார்கள். ஏறத்தாழ 13 லட்சம் காசுகள். எல்லாவற்றிலும் ஆண்டு 1918 மட்டுமே. குதிரையின் காலடி நிலத்தில், ஆண்டுக்குச் சற்று மேலே, ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து நுணுக்கமாக இருக்கும். ஐந்தாம் ஜார்ஜின் தலையும் இந்த ‘ஐ’ எழுத்தும் இருந்து, ஆண்டு மட்டும் 1918 இல்லை என்றால், அந்தக் காசு பிரிட்டிஷ் நாணயசாலையில் பிறந்ததல்ல. கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் போதும், இந்தச் சோதனையை யாரும் செய்யலாம்.

சவரன் போலியின் வரலாற்றில் 1950களின் தொடக்கம் முக்கியமானது. அப்போது உலகச் சந்தையில் சவரன் காசு, தன்னுள் இருக்கும் தங்கத்தின் விலையைவிடக் கூடுதலாக விற்றது. இத்தாலியின் மிலானிலும் லெபனானின் பெய்ரூத்திலும் சிலர் சரியான எடையில், சரியான மாற்றில் தங்கத்தை வாங்கிச் சவரன் அச்சில் அடித்தார்கள். ஒரு குந்துமணித் தங்கம்கூடக் குறையவில்லை. காசுக்கு இருந்த கூடுதல் விலைதான் அவர்களுக்கு லாபம். இந்தப் போலிகளின் வாயை அடைப்பதும் ஒரு நோக்கமாக, பிரிட்டிஷ் அரச நாணயசாலை 1957 இல் சவரனை மீண்டும் அடிக்கத் தொடங்கியது. உரைகல்லும் திராவகமும் தராசும் இந்தப் போலிகளின் முன் தோற்றுவிடும். தங்கம் மெய், காசு பொய். அத்தகைய காசைத் தங்கத்தின் விலைக்கு வாங்கியவருக்கு நட்டமில்லை. பழங்காசு விலைக்கு வாங்கியவருக்கே நட்டம்.

ஆனால் புதுக்கோட்டைக் கடைவீதியிலும் அடகுக்கடையிலும் வங்கியின் நகைக்கடன் மேசையிலும் நாள்தோறும் எழுவது முதல் கேள்விதான். இது தங்கமா?

மிகப் பழைய சோதனை உரைகல். கறுப்பான, நெருங்கிய மணிகளைக் கொண்ட கல்லில் நகையை இழுத்தால் ஒரு கோடு விழும். பக்கத்தில், மாற்றுத் தெரிந்த ஆணிகளால் கோடுகள் இழுத்து நிறத்தை ஒப்பிடுவார்கள். பிறகு திராவகம் விட்டால் செம்பும் வெள்ளியும் கரைந்து போகும், தங்கம் நிற்கும். நல்ல கை இருந்தால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வித்தியாசத்தைக்கூடச் சொல்லிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் இந்தக் கலையின் நுணுக்கத்தைக் காட்டுகின்றன. ‘தண்டவாணி’ என்ற மாற்றளவுக்கு இந்தப் பொன் இவ்வளவு தாழ்ந்தது என்று அவை கணக்கிடுகின்றன. ‘ஆடவல்லான்’ என்ற கல்லால் நகைகளை நிறுத்ததாகச் சொல்கின்றன. எடையில் அரக்கு சேர்ந்திருக்கிறதா என்பதைக்கூடக் குறிக்கின்றன. 1,000 ஆண்டுக்கு முன் கோயில் கணக்கர்கள் காட்டிய இந்தக் கவனம் இன்றைய ரசீதுகள் பலவற்றில் இல்லை.

உரைகல்லுக்கு ஒரு குறை உண்டு. அது தொட்ட இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். கனமான தங்கப் பூச்சுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கல்லுக்குத் தெரியாது.

உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசும் சோதனை தண்ணீர். தங்கம் தண்ணீரைவிட 19.3 மடங்கு கனமானது. செம்பு கலந்த 22 காரட் தங்கம் ஏறத்தாழ 17.6 மடங்கு. வெள்ளி 10.5, செம்பு 9, பித்தளை 8.5, ஈயம்கூட 11.3தான். இந்த எண்களே போதும், ஒரு சவரனின் கதையைச் சொல்லிவிட. சவரனின் அதே விட்டத்திலும் கனத்திலும் பித்தளையில் ஒரு காசு செய்தால் அதன் எடை 4 கிராமைத் தொடாது. செம்பில் செய்தால் 4 கிராம், வெள்ளியில் 4.8, ஈயத்தில் 5.1. எடையைச் சரிக்கட்ட வேண்டுமென்றால் காசைத் தடிமனாக்க வேண்டும். விட்டம், கனம், எடை மூன்றையும் ஒருசேரச் சரியாக வைத்து இந்த மலிவான உலோகங்களில் சவரன் செய்ய முடியவே முடியாது. பழைய சவரனை வாங்குகிறவர்களுக்கு இதைவிட உறுதியான பாதுகாப்பு இல்லை. இதற்கு வேண்டியது ஒரு நல்ல தராசும், ஒரு வெர்னியர் அளவியும்தான்.

வளையம் பற்றவைத்த காசில் விட்டமும் எடையும் மாறியிருக்கும். அப்போது ஆர்க்கிமிடிஸ் கை கொடுப்பார். 0.01 கிராம் வரை காட்டும் தராசின்மேல் ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதித் தண்ணீர் வைத்து, தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிட வேண்டும். இப்போது தராசு காட்டுவது, காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 8 கிராம் 22 காரட் காசுக்குத் தராசு சுமார் 0.45 காட்டும். தங்க முலாம் பூசிய வெள்ளிக்கு 0.76. செம்புக்கு 0.89. கவரிங் கடைப் பித்தளைக்கு 0.94. வித்தியாசம் கண்ணை உறுத்தும் அளவுக்குப் பெரிது.

இந்தச் சோதனையின் பெரிய பலன் காசுமாலையில்தான் தெரியும். 40 காசு கொண்ட ஒரு மாலையில் 4 காசுகள் மட்டும் பித்தளை என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டாளர் அவசரத்தில் ஏதாவது 3 காசுகளை உரைத்துப் பார்த்தால், போலி ஒன்றுகூட அகப்படாமல் போவதற்கு நூற்றுக்கு 72 வாய்ப்பு. 10 காசுகளை உரைத்தாலும் நூற்றுக்கு 30 வாய்ப்பு அந்தப் போலிகளுக்குத்தான். இரண்டே கிராம் எடையுள்ள காசுகள், மொத்தம் 80 கிராம் மாலை என்றால், முழு மாலையையும் தண்ணீரில் இறக்கும்போது நல்ல மாலை ஒதுக்குவது 4.5 கிராம் தண்ணீர். 4 பித்தளைக் காசு கலந்த மாலை ஒதுக்குவது 5 கிராம். அரை கிராம் வித்தியாசத்தைச் சாதாரண நகைத் தராசு தயங்காமல் காட்டும். தனித்தனியாக ஒளிந்துகொள்ளும் போலிகள் கூட்டத்தில் அகப்பட்டுக்கொள்கின்றன. கல் பதித்த மாலைக்கும், உள்ளே அரக்கோ மெழுகோ காற்றோ அடைத்த மாலைக்கும் இது பொருந்தாது. லட்சுமி காசுமாலைகள் பலவும் அச்சில் அழுத்திய மெல்லிய தகட்டுக் காசுகளால் ஆனவை. அவற்றை நனைக்கும்போது தகட்டின் குழிவில் குமிழி தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காந்தம் வைத்துப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். இரும்பு இருந்தால் மட்டுமே அது உதவும். செம்பு, பித்தளை, வெள்ளி, ஈயம் ஒன்றையும் காந்தம் இழுக்காது. காந்தத்தில் ஒட்டவில்லை என்பதற்காகத் தங்கம் என்று முடிவு கட்டுவது ஆபத்து. தரையில் போட்டு ஒலி கேட்பதும் வளையம் பற்றவைத்த காசில் பயன்படாது. பற்றவைத்ததுமே அதன் ஒலி மாறிவிடும்.

தண்ணீர்ச் சோதனையையும் ஏமாற்றும் உலோகம் ஒன்று உண்டு. டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தம்ளர்த் தண்ணீர் காட்டாது. தங்கக் கட்டிகளுக்குள் டங்ஸ்டன் வைத்து மூடிய மோசடிகள் உலகில் பிடிபட்டிருக்கின்றன. காசில் இது எளிதல்ல. டங்ஸ்டன் கடினமானது, நொறுங்கக்கூடியது, 3,400 டிகிரி செல்சியஸுக்கு மேலேதான் உருகும்; அதை அச்சில் அடித்து ஜார்ஜ் முனிவரை எழுப்ப முடியாது. கட்டிகளைச் சோதிக்க மீயொலியைப் பயன்படுத்துகிறார்கள். தங்கத்துக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 3,200 மீட்டர் வேகத்தில் போகும். டங்ஸ்டனுக்குள் 5,000 மீட்டருக்கும் மேல். எதிரொலி திரும்பும் நேரமே உள்ளிருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்திய நகைத் தொழிலைப் பிடித்த இன்னொரு நோய், இரிடியம், ருத்தேனியம் பொடிகளைத் தங்கத்தில் கலப்பது. இரிடியத்தின் அடர்த்தி 22.6, ருத்தேனியத்தின் அடர்த்தி 12.4. இரண்டும் தங்கத்தோடு முழுமையாகக் கரையாமல் மணிமணியாக உள்ளே கிடக்கும்.

இப்போது நகைக்கடைகளில் காணும் ‘காரட் மீட்டர்’ எக்ஸ் கதிரில் இயங்குகிறது. கதிர் பட்டதும் அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலெக்ட்ரான் தெறிக்கும். அந்த இடத்தை மேலிருந்து இன்னொன்று இறங்கி நிரப்பும்போது அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலோடு ஒரு கதிர் வெளிவரும். தங்கத்துக்கு ஓர் ஆற்றல், செம்புக்கு ஓர் ஆற்றல், வெள்ளிக்கு ஓர் ஆற்றல். கருவி அவற்றை எண்ணி விகிதம் சொல்கிறது. நகைக்குச் சேதம் இல்லை, ஒரு நிமிடத்தில் வேலை முடிகிறது. ஆனால் தங்கத்துக்குள் அதன் பார்வை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழம்தான். சாதாரண முலாம் அதைவிட மெல்லியது என்பதால் அடியில் உள்ள செம்பைக் கருவி கண்டுபிடித்துவிடும். தடித்த தங்கத் தகடு போர்த்தியிருந்தால் கண்டுபிடிக்காது. இன்னொன்று, மண்ணில் பல நூற்றாண்டு கிடந்த காசின் மேற்பரப்பிலிருந்து செம்பும் வெள்ளியும் கரைந்து வெளியேறியிருக்கும். அந்தக் காசில் உள்ளதைவிடக் கூடுதலான மாற்றைக் கருவி காட்டும். ஆகவே காரட் மீட்டரும் தண்ணீரும் சேர்ந்து சொல்வதை நம்பலாம். ஒன்று தோலைப் பார்க்கிறது, மற்றது உடலைப் பார்க்கிறது.

கடைசித் தீர்ப்பு சொல்வது நெருப்பு. கால் கிராம் அளவு தங்கத்தைச் சுரண்டியெடுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிந்து, சுண்ணம் போன்ற ஒரு கிண்ணத்தில் வைத்து 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். ஈயமும் செம்பும் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் உறிஞ்சிக்கொள்ளப்படும். மிஞ்சிய மணியிலிருந்து வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துவிட்டால் எஞ்சுவது தங்கம் மட்டுமே. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையோடு மாற்றுச் சொல்லும் முறை இது. ஹால்மார்க் மையங்கள் நம்புவதும் இதைத்தான்.

ஹால்மார்க் பற்றிச் சில செய்திகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் இந்தியாவில் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல், விற்கும் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாளக் குறி இருக்க வேண்டும். அந்தக் குறியை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால் நகையின் வகையும் மாற்றும் தெரியும். குறி நகைக்கு ஒன்று. மாலையில் கோத்த ஒவ்வொரு காசுக்கும் தனிக்குறி கிடையாது. மாலை அறுந்து காசு மாற்றிக் கோத்தால், பழைய குறி புதிய காசுக்குச் சாட்சி சொல்லாது. ‘கேடிஎம்’ என்பதைச் சுத்தத்தின் அடையாளம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அது பற்றாசில் காட்மியம் சேர்த்ததைக் குறிக்கும் சொல், அவ்வளவே. காட்மியப் புகை பட்டறையில் வேலை செய்கிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அந்தச் சொல்லைப் பெருமையாகக் காட்டி விற்கும் காலம் முடிய வேண்டும்.

காசு மெய்தானா என்ற இரண்டாம் கேள்விக்கு இந்தக் கருவிகள் எதுவும் முழு விடை தராது. அதற்குக் கண் பழக வேண்டும். அச்சில் அடித்த காசில் விளிம்புகள் கூர்மையாக, தளம் வழவழப்பாக இருக்கும். வார்த்த காசில் நுண்குழிகளும், ஓரத்தில் இரண்டு அச்சுகள் சேர்ந்த கோடும் தெரியலாம். எழுத்துகளின் வடிவம், ஓரப் பற்களின் ஒழுங்கு, தேய்மானம் மேடான இடங்களில் மட்டும் இருக்கிறதா என்பது, ஆண்டும் அரசரும் ஒத்துப்போகின்றனவா என்பது எல்லாம் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இரண்டு காசுகள் கிடைத்தால் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும். ஒரே அசலை வார்ப்பெடுத்திருக்கிறார்கள்.

கருக்காக்குறிச்சிக் காசுகளில் ஒரு பகுதி இன்று லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெட்டுப்பட்ட அந்தத் தலைகளைக் கொண்டே, தமிழகம் ரோமத் தங்கத்தை எப்படி மதித்தது, எப்படிக் கழித்தது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அவற்றை அன்றே உருக்கியிருந்தால் நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தங்கம் கிடைத்திருக்கும். வேறொன்றும் கிடைத்திருக்காது.

ஆகவே பாட்டியின் காசுமாலையைப் புதுப்பிக்கக் கொடுக்கும் முன், ஒவ்வொரு காசையும் பூதக்கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படிக்க முடியாத எழுத்தோ, பழக்கமில்லாத முகமோ இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். உரசவோ, அரம் போடவோ, திராவகத்தில் நனைக்கவோ, புளி போட்டுத் தேய்க்கவோ வேண்டாம். திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கும் அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். வயலிலோ வீட்டு அஸ்திவாரத்திலோ கிடைத்த காசு என்றால், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878 ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது.